தெற்கே திருப்பிய ஏரியல்

மணி மூன்று நாற்பது. வெயிலில் ஏரியல் குழாய் கொதித்தது. தோளில் கிடந்த துண்டை மடித்துக் குழாயைச் சுற்றிப் பிடித்தாள் தவமணி. பிடித்த பிறகுதான் துண்டு ஈரம் என்பதும், ஈரத் துணி வழியாகச் சூடு இன்னும் சுருக்காக ஏறும் என்பதும் கைக்குத் தெரிந்தது. ஏறட்டும். இருபத்தெட்டு வருஷம் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் சுடச்சுட அச்சிலிருந்து கையுறையை உருவிய கை, ஒரு ஏரியல் குழாய்க்குப் பயந்துவிடுமா என்ன. குழாய் அவள் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரம் போய், தகரக் கூரையைத் தாண்டி, உச்சியில் மீன்முள் மாதிரியான ஏரியலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கீழ்முனை சமையலறைச் சுவரோரம், கால்வாயை ஒட்டி, ஒரு சிமெண்டுக் குழியில் சும்மா செருகியிருந்தது. சுவரோடு அதை இறுக்கிப் பிடித்திருந்த வளையத்தின் நட்டு, நேற்று இவள் ஸ்பேனர் போட்டுத் திருகியபோது துருவோடு துருவாக உதிர்ந்துவிட்டது. பச்சை ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிப் பார்த்தாள். காற்று ஒரு தட்டுத் தட்டினால் முடிச்சு வழுக்கி, குழாய் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்கிறது. ஆக, பிடித்துக்கொண்டேதான் நிற்க வேண்டும். நாலு மணிக்குச் சுகந்தி வருவாள். வீட்டுக்கு இல்லை, இந்த வீட்டுப் படியை அவள் மிதித்து ஆறு வருஷம் ஆகிறது. டிவியில் வருவாள். நாலு மணித் தமிழ்ச் செய்தியை இன்றைக்கு அவள் வாசிக்கிறாள், முதல் தடவையாக, நேரடியாக, நாடு முழுக்கப் பார்க்க. பெற்ற மகளின் சத்தம் இந்த வீட்டுக்குள் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் இல்லை, பஸ் ஸ்டாப்பில் இல்லை, இந்த வீட்டுக்குள். இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது.

கண்ணாடிப் பட்டை ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தால் புருஷன் சன்னாசி தெரிந்தார், பட்டைப் பட்டையாக. நெற்றி ஒரு பட்டையில், பேப்பர் இரண்டு பட்டையில், முழங்காலில் தைலம் தேய்த்த பளபளப்பு ஒரு பட்டையில். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் மனுஷர். நேற்று மத்தியானம் வரை அது அப்படி இல்லை. இவள் அரசாங்கம் கொடுத்த சின்னக் கறுப்பு டிஜிட்டல் டிவிப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் உறை கிழியாமல் கிடந்ததை அப்போதுதான் கிழித்து, டிவிக்குப் பின்னால் சொருகியபோது, எழுந்தார், நாற்காலியைத் தூக்கி அரைவட்டம் திருப்பினார், உட்கார்ந்தார். அவ்வளவு. முழங்கால் வலி அப்போது எங்கே போயிருந்ததோ. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் அதைச் சொன்னார். சுகந்திக்கு டீச்சர் வேலை, நிரந்தர வேலை, இந்த வீட்டு வரிசையிலேயே முதல் டீச்சர் என்று கோப்பிக் கடையில் எத்தனை பேருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார், அந்த வேலையை விட்டுவிட்டுத் தலைநகரத்தில் செய்திக்கு எழுதப் போகிறேன் என்று அவள் வந்து நின்றபோது, “எழுதி? அப்புறம்?” என்றார். “அப்புறம் வாசிப்பேன்ப்பா” என்றாள். “வாசி. எங்க வேணா வாசி. இனிமே எம் வீட்டுக்குள்ள ஒஞ் சத்தம் கேக்கக் கூடாது.” அப்படியே, ஒரு சொல் கூடாமல் குறையாமல். அவள் சம்பளத்தில் வந்துகொண்டிருந்த டிஷ்ஷையும் அந்த மாதமே ஆள் வரச்சொல்லிக் கழற்றினார். அவ காசுல வர்ற படம் எனக்கு வேணாம். அன்றிலிருந்து ரேடியோவும் பேப்பரும்தான். எம் வீட்டுக்குள்ள. இந்தச் சொல்தான் தவமணிக்குத் தொண்டையில் மாட்டிய முள். ஒஞ் சத்தம்கூட இல்லை, எம் வீடு. யார் வீடு? சுவருக்குச் சாயம் அடித்தது யார், கூரை ஒழுகினால் குண்டான் வைத்தது யார், அந்தப் பிள்ளைக்கு இதே தரையில் நடை பழக்கியது யார்? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சோற்றை வடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கஞ்சித் தண்ணீரின் ஆவி முகத்தில் அடித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆறு வருஷமாகக் கேட்காத கேள்வியை இன்றைக்கு இந்தக் குழாய் கேட்கட்டும்.

வடக்கே வைத்துப் பார்த்தாயிற்று. வடக்கு என்றால் சுண்ணாம்புமலை இருக்கும் பக்கம், அதற்கும் பின்னால் எங்கேயோ பழைய ஒளிபரப்புக் கோபுரம். இந்த வரிசையில் இவள் வீடு போக இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு கூரையிலும் இப்போது டிஷ். ஆனால் பழைய ஏரியல்களை யாரும் கழற்றவில்லை, காக்கா உட்கார விட்டுவிட்டார்கள், எல்லாம் இன்னும் வடக்கே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அத்தனையும் சன்னாசி கைப்பட வைத்தவை. டயர் தொழிற்சாலையில் வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகக் கூரை ஏறி வைத்தார். “வடக்கு. எவன் என்ன சொன்னாலும் வடக்கு” என்பார். அது உண்மையாகவும் இருந்தது, அந்தக் காலத்தில். திரையில் வெள்ளைப் புள்ளி கொட்டும், அதற்குள் ஆள் நிழலாகத் தெரிவான், திருப்பத் திருப்பப் புள்ளி குறையும், ஆள் தேறி வருவான். கை போகும் வழி கண்ணுக்குத் தெரியும். இந்தப் புதுப் பெட்டியில் அதெல்லாம் இல்லை. தேறி வருவது என்பதே கிடையாது. இருந்தால் முழுசாக இருக்கும், இல்லாவிட்டால் நீலத் திரையில் சிக்னல் இல்லை என்று மலாயில் எழுதிவிட்டுக் கம்மென்று இருக்கும். நேற்றுச் சாயங்காலம் முழுக்க இவள் அவருடைய பழைய முறையில் மெல்ல மெல்ல, நிறுத்தாமல், ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். ஒன்றுமே வரவில்லை. காலையில் ஹார்ட்வேர் கடை ஆ ஹெங்கிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவன் தன் கடை ஏரியலில் மாட்டி, சேனல்களை எல்லாம் தேடிப் பதிந்து கொடுத்துவிட்டுச் சிரித்தான். “அம்மா, சுத்திக்கிட்டே இருந்தா எப்படி? புசிங் சிக்கிட், துங்கு.” கொஞ்சம் திருப்பு, காத்திரு. பெட்டிக்கு யோசிக்க நேரம் வேண்டுமாம். படம் பிடிபட்ட பிறகும் அதைத் திரைக்குக் கொண்டுவர எட்டு, பத்து வரை எண்ணுகிற நேரம் ஆகுமாம். அப்படியானால் நேற்று எத்தனை தடவை சரியான இடத்தைத் தாண்டிப் போனாளோ. கையில் வந்ததை வந்தது என்று தெரியாமலே விட்டுவிட்டுப் போனாளோ. இன்னொன்றும் சொன்னான். மலை நடுவில் நிற்கிற வீடுகளுக்கு வடக்கு வேலைக்கு ஆகாது, தெற்கே கடலோரத்தில் புதுக் கோபுரம் வந்திருக்கிறது, அங்கே திருப்பு என்று.

வடக்கிலிருந்து தெற்கை நோக்கிக் கொஞ்சம் திருப்பினாள். நிறுத்தினாள். ஒன்று, இரண்டு. ஏரியல் கிழக்கே பார்த்தது, பள்ளிக்கூடத்துப் பக்கம். மூன்று. உள்ளே ஒரு சத்தமும் இல்லை, டிவியின் சத்தத்தை ஜன்னல் வரை கேட்கும்படி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். நாலு, ஐந்து. அவளுக்குத் தண்ணீர் வைத்திருப்பார்களா மேசையில்? சுகந்திக்குப் பயம் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஆறாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு முழித்தாள். ஆறு, ஏழு. நாடு முழுக்க இன்றைக்கு ஒட்டிக்கொண்டால்? ஒட்டிக்கொண்டதை நாடு முழுக்கப் பார்த்து, அம்மா மட்டும் பார்க்காமல் போனால்? எட்டு. ஒன்பது. பத்து. இல்லை. இன்னும் கொஞ்சம். ஒன்று, இரண்டு.

“என்னா தவமணி, கம்பத்தோட கல்யாணமா?” பக்கத்து வீட்டு ராஜம்மா, கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காயப்போட்ட துணியை அள்ள வந்தவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. “மழ வரப்போவுது லா. எங்க வீட்டுக்கு வா, டிஷ்ல பளிச்சுன்னு தெரியும். கோப்பி கலக்கி வச்சிருக்கேன். எல்லாரும் வந்து ஒக்காந்துட்டாங்க, ஒம் பிள்ளயப் பாக்க.” எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஊர் உட்கார்ந்துவிட்டது, பெற்றவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். “நீங்க பாருங்கக்கா. நான் எங்க வீட்டுல பாத்துக்கிறேன்.” “அண்ணந்தான் புடிவாதம்னா நீயுமா? இல்ல போன்லயாவது பாரேன்.” “ஏழு. எட்டு,” என்றாள் தவமணி, வாய்விட்டே. ராஜம்மா தலையை ஆட்டிவிட்டுத் துணிக் கூடையோடு போனாள். போனில். மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற இந்த வரிசையில் போனில் சிக்னல் ஒரு கோடு வந்தாலே திருவிழா. சுகந்தியிடம் பேச முச்சந்தி பஸ் ஸ்டாப் வரை நடந்து போய், வெயிலானாலும் மழையானாலும் அந்தத் தகர நிழலில் நின்றுதான் ஆறு வருஷமும் பேசினாள். சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல. பெற்ற பிள்ளையை ஆறு வருஷம் உள்ளங்கை அளவில் பார்த்தது போதும். கன்னம் ஒட்டியிருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா என்று விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தது போதும். “வெள்ளிக்கெழம நாலு மணிம்மா. அப்பாகிட்ட சொல்ல வேணாம்” என்று அவள் சொன்னாள். தவமணி அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே சொன்னாள். ஏன் சொல்லக்கூடாது? திருட்டு வேலையா செய்கிறாள் பிள்ளை? அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். பத்து. இல்லை.

மூன்று ஐம்பத்திரண்டு என்றது சமையலறைக் கடிகாரம். முதல் தூறல் துண்டில் விழுந்தது. தகரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொட்டுச் சத்தம். மழையில் ஏரியல் வைத்த நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் இடம் வேறு. கூரைமேல் சன்னாசி, உள்ளே டிவிக்கு முன்னால் தவமணி. இருபது வருஷம் அவள் வேலை அதுதான், பார்த்துச் சொல்வது. தெரியுதா? தெரியுது. இப்ப? போச்சு. தகரத்தில் மழை கொட்டினால் இவள் சத்தம் அவருக்கு எட்டாது, அதனால் வாசலில் சுகந்தியை நிறுத்துவார்கள். ஐந்து வயசு, ஆறு வயசு இருக்கும். கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்பாள். இவள் உள்ளிருந்து சொல்வதை வாங்கி அவள் மேலே கத்துவாள். “ப்பா! தெரியுதாம்!” மேலிருந்து அவர் கத்துவார், “கேக்கல! கூட்டிச் சொல்லு!” அவள் கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு தடவை. “தெரியுதாம்ப்பா!” இறங்கி வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, “மைக்கு முழுங்குன மாதிரி சத்தம் பாரு எம் மகளுக்கு” என்று கோப்பிக் கடையில் போய் அதையும் சொல்வார். தவமணிக்குக் குழாயைப் பிடித்த கை நின்றுவிட்டது. ஆமாம், பின்னே எங்கே கற்றாள் அவள்? யாரோ சொன்னதை வாங்கி, பிசகாமல், பார்க்க முடியாத ஒருத்தருக்குக் கேட்கும்படி சொல்வதை அவள் எங்கே கற்றாள்? இந்த வாசலில். மழையில். கூட்டிச் சொல்லு, கூட்டிச் சொல்லு என்று அந்தத் தொண்டையைத் திறந்துவிட்டதே இந்த மனுஷர். திறந்துவிட்டு, எம் வீட்டுக்குள்ள கேக்கக் கூடாதாம். தவமணிக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது, காது வரை வந்தது. நல்ல சூடான கோபம், குழாயைவிட.

தெற்கே திருப்பினாள். கொஞ்சமாக இல்லை, ஒரே இழுப்பில். மேலே ஏரியல் கிரீச்சென்று கத்திக்கொண்டு இருபத்திரண்டு கூரைக்கும் முதுகைக் காட்டியது. உள்ளே பேப்பர் அசைந்தது. “வடக்கு,” என்றார் சன்னாசி. பேப்பருக்குப் பின்னாலிருந்து, பேப்பரில் படித்ததைச் சொல்வது போல. தவமணி ஜன்னலோடு முகத்தை வைத்தாள். “என்னா சொன்னீங்க?” “வடக்குதான் வரும். முப்பது வருசமா வடக்கு.” “வடக்குல மலதான் வருது.” “நீ எப்ப ஏரியல் வச்ச? எனக்குத் தெரியாதா?” “தெரிஞ்சவரு வந்து வைங்களேன்.” பேப்பர் மறுபடி நிமிர்ந்தது. மூன்று ஐம்பத்தொன்பது. ஒன்று, இரண்டு, பத்து. இல்லை. இதுவும் இல்லாவிட்டால் மேற்குத்தான் பாக்கி, மேற்கில் கோபுரம் ஏது, வெறும் செம்பனைத் தோட்டம். ராஜம்மா வீட்டுக்கு இப்போது ஓடினால் முப்பது அடி தூரம்தான். ஓடினால் பார்த்துவிடலாம். யாருக்கும் ஒன்றும் நஷ்டம் இல்லை, மகள் முகம் எங்கே பார்த்தாலும் அதே முகம்தானே. இல்லை. ஓடினால் இந்த வீடு அவர் சொன்ன ‘எம் வீடாகவே’ நின்றுபோகும். இவள் ராஜம்மா வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டு, திரும்பி வந்து அவருக்குச் சோறு போடுவாள். மாட்டேன். ஒரு விரற்கடை திருப்பினாள். மழை வலுத்தது. ஒன்று. தண்ணீர் குழாய் வழியே இறங்கி முழங்கை வழியே உள்ளே போனது. நாலு. இன்னொரு விரற்கடை திருப்பலாமா என்று கை துறுதுறுத்தது, இருபது வருஷம் அவர் திருப்புவதைப் பார்த்த பழக்கம். இருடி, என்று கைக்குச் சொன்னாள். துங்கு. ஏழு. எட்டு.

உள்ளே மேளம் கொட்டியது. மேளமா, செய்திக்கு முன்னால் வரும் இசையா, ஏதோ ஒன்று, மழையையும் மீறி ஜன்னலைத் தாண்டி வந்தது. பிறகு, “வணக்கம்.” ஒரே ஒரு சொல். அதே சத்தம், ஆனால் பெரிய மனுஷி ஆகிவிட்ட சத்தம், நாக்கு எங்கேயும் ஒட்டவில்லை. கை தானாகக் குழாயை விட்டது, கால் வாசலைப் பார்க்க ஓடியது. இரண்டு எட்டு வைப்பதற்குள் காற்று ஒரு தட்டுத் தட்டியது, ஏரியல் கிரீச்சென்றது, சத்தம் பாதிச் சொல்லில் அறுந்தது. உள்ளேயிருந்து ஒரு கத்தல். “ஏய்! விட்டுட்டியா! ஏன் விட்ட! புடி! புடி அத!” தவமணி அப்படியே நின்றாள். திரும்பி வந்து ஜன்னலைப் பார்த்தாள். பேப்பர் தரையில் கிடந்தது. நாற்காலி ஜன்னலைப் பார்த்தபடியே இருக்க, மனுஷர் மட்டும் அதில் பின்னுக்குத் திரும்பி, கழுத்தை முறித்துக்கொண்டு, நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குழாயைப் பிடித்தாள். துண்டு எங்கேயோ விழுந்துவிட்டது, வெறுங்கையால் பிடித்தாள், பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள், எண்ணினாள். எட்டில் வந்தது. வெள்ளம், பாலம், அமைச்சர் என்று சுகந்தி சொல்லிக்கொண்டிருந்தாள், நிதானமாக, அவசரமே இல்லாமல்.

“வெளிய வாங்க,” என்றாள் தவமணி ஜன்னல் வழியே. “வந்து புடிங்க. நான் பாக்கணும்.” “எனக்கு முழங்கா…” “புடிக்கிறதுக்கு கைதான் வேணும்.” “நான் வரல.” “அப்ப விட்டுடுறேன்.” அவர் சட்டென்று இவள் பக்கம் திரும்பினார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகம் பட்டை பட்டையாக இல்லாமல் முழுசாக இருந்தது போல இவளுக்குத் தோன்றியது, ஜன்னலுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார். “விடமாட்ட,” என்றார். தவமணி ஒரு கையை எடுத்துக் காட்டினாள். இன்னொரு கையின் விரல்களையும் ஒவ்வொன்றாக விரித்தாள். சத்தியமாக விட்டிருப்பாள். மகள் முகத்தைத் தானும் பார்க்காமல், அவரையும் பார்க்க விடாமல், அந்தக் குழாயை மழையில் சுற்ற விட்டுவிட்டு நின்றிருப்பாள். கட்டைவிரல் மட்டும் குழாயில் இருக்கும்போது, “இரு! இருடீ!” என்ற சத்தமும் செருப்பைத் தேடும் சத்தமும் சேர்ந்து கேட்டன. வெறுங்காலோடு வந்தார், சுவரைப் பிடித்துப் பிடித்து, நனைந்துகொண்டே. குழாயைப் பிடித்தார். பிடித்ததும் ஏரியல் ஒரு மயிரிழைகூட ஆடவில்லை, அந்தக் கை அப்படி. மேலே பார்த்தார். தெற்கே பார்த்து நின்ற ஏரியலைப் பார்த்தார். வடக்கே திருப்பாமல் அப்படியே பிடித்தார். “இந்த வீட்டுக்குள்ள அவ சத்தம் கேக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே,” என்றாள் தவமணி. “நீங்க வெளியவே நில்லுங்க. ஒங்க பேச்சுக்கு ஒரு கொறையும் வராது. நான் எங்க வீட்டுக்குள்ள போறேன்.”

உள்ளே போய், நனைந்த கைலியோடு, அவர் நாற்காலியைத் தூக்கி டிவியைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். சுகந்தி இருந்தாள். உள்ளங்கை அளவில் இல்லை, பெரிசாக, காதில் இவள் கொடுத்த சின்னக் கம்மலோடு, கன்னம் ஒட்டாமல், மேசைமேல் ஒரு கிளாஸ் தண்ணீரோடு. தண்ணீரை அவள் தொடவே இல்லை. நேராக இவளைப் பார்த்துப் பேசினாள். வீடு முழுக்க, சமையலறை வரை, அந்தச் சத்தம் போயிற்று. தவமணிக்கு ஒரு செய்தியும் விளங்கவில்லை, விளங்கவும் வேண்டாம். மழை தகரத்தில் மொத்தமாக இறங்கிய நேரம். “தெரியுதா?” என்று வெளியே ஒரு குரல். இருபது வருஷம் கேட்ட அதே கேள்வி. கேட்கட்டுமே, கொஞ்சம் காத்திருக்கட்டும். “தவமணி! தெரியுதா?” “தெரியுது,” என்றாள். பிறகு ஜன்னலுக்கு மிக அருகிலிருந்து அவர் கத்தினார்.

“கேக்கல! கூட்டி வை!”

தவமணி எழுந்து போய் டிவி சத்தத்தைக் கடைசி வரை கூட்டி வைத்தாள்.